டோக்கியோவை நடந்தும் பார்க்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான டோக்கியோ பயணக் கட்டுரையை எங்கள் வீட்டில் அனைவரும் படித்தோம். கோபுரங்களையும் கோயில்களையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருக்கிறார். ஆயினும் அவ்வளவு பெரிய நகரத்தை நடந்து பார்க்க இயலாது என்று அவர் போகிறபோக்கில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. நிஷி கசாய் பகுதியில் வசிக்கும் மகள் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கி, அறுபத்து நான்கு வயதில் அந்நகரத்தைப் பெரும்பாலும் நடந்தே பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் யமனோதே ரயில் பாதை 34.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் 30 நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலான நிலையங்களுக்கு இடையே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இல்லை. நாளுக்கு ஒரு நிலையத்தில் இறங்கி, சுற்றியுள்ள தெருக்களில் அலைந்து, அடுத்த நிலையத்தில் ரயிலேறி வீடு திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரத்தின் பெயர், அதன் உட்பிரிவு எண், மனைத்தொகுதி எண், கட்டட எண் என்றுதான் முகவரி அமைகிறது. வழி தவறியபோதெல்லாம் 'கோபன்' எனப்படும் சிறு காவல் சாவடிக்குச் சென்று முகவரிச் சீட்டை நீட்டினேன். மொழி தெரியாத எனக்கு வரைபடத்தை விரித்து விரலால் வழி காட்டினார்கள்.

நிப்போரி நிலையத்துக்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டியதாயிற்று. மேற்கே இறங்கினால் யனகா. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் 1945ஆம் ஆண்டு குண்டுவீச்சிலும் நகரின் பெரும்பகுதி எரிந்தபோது பெரிதும் தப்பிப் பிழைத்த வட்டாரம் அது; புத்த ஆலயங்களும், மரவீடுகளும், ஜப்பானை ஆண்ட 'ஷோகன்' எனும் படைத்தலைவர்களில் கடைசியானவரின் சமாதி உள்ள இடுகாடும் அங்கே இருக்கின்றன. கிழக்கே இறங்கினாலோ துணித்தெரு. மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் துணி, பட்டன், ஜிப், லேஸ் என்று கடை கடையாக நீள்வதைக் கண்டபோது, ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் எங்கள் திருப்பூர் காதர்பேட்டைக்கே வந்துவிட்டதாகத் தோன்றியது.

ஆனால் என் மனம் லயித்தது கப்பாபாஷியில்தான். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது வியப்பில்லை. உவேனோ, அசகுசா ஆகிய வட்டாரங்களுக்கு இடையே ஏறக்குறைய 800 மீட்டர் நீளத்துக்கு உணவகங்களுக்கு வேண்டிய சமையல் சாமான்களை மட்டுமே விற்கும் தெரு அது: இரும்பு வாணலி, செப்புச் சட்டி, கத்தி, பீங்கான், உணவகக் கண்ணாடிப் பேழைகளில் வைக்கும் பிளாஸ்டிக் மாதிரி உணவுகள் வரை. சுத்தியல் அடியின் தழும்பு தெரியும்படி செய்த ஒரு செப்புச் சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்தத் தழும்பு தெரியாமல் மெருகேற்றுவதைத்தான் நேர்த்தி என்போம். அங்கே அதையே கைவேலைக்குச் சான்றாகக் காட்டி விலையும் கூட்டிவிடுகிறார்கள். அதன் விலையை ரூபாயில் கணக்கிட்டுச் சொன்ன என் மகள், அப்பா அதைக் கீழே வைத்துவிடுங்கள் என்றாள்.

குறைகளும் உண்டு. நடைபாதையிலேயே சைக்கிள்கள் விரைகின்றன. உட்கார ஓர் இருக்கை தேட வேண்டியிருக்கிறது. 1995ஆம் ஆண்டு சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பின் பல நிலையங்களிலிருந்து குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டதால், ஒரு நாள் வாழைப்பழத் தோலைப் பையில் வைத்துக்கொண்டு மாலை வரை நடந்தேன்.

கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்குள்ள குடியிருப்புச் சந்துகளில் பலவற்றில் தனி நடைபாதை இல்லை; அகலத்தில் அவை நம் சந்துகளை விட மேலானவையும் அல்ல. ஆயினும் முதியவர்களும் பள்ளிக் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கிறார்கள், ஏனெனில் தெருவில் கார்கள் நிறுத்தப்படுவதில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதிப்படி, கார் வாங்குபவர் அதை நிறுத்தத் தெருவுக்கு வெளியே, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள், சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைக் காட்டிக் காவல்துறையிடம் சான்று பெற வேண்டும். 4 மீட்டருக்குக் குறைந்த சந்தில் வீட்டை இடித்துக் கட்டுபவர் பொதுவாகச் சந்தின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளியே கட்ட வேண்டும் என்பது இன்னொரு விதி. திருப்பூரிலும் கோவையிலும் ஈரோட்டிலும் நெரிசல் என்றவுடன் சாலையை அகலப்படுத்தக் கோருகிறோம். அகலப்படுத்திய இடத்தில் மறுநாளே வாகனங்களை நிறுத்துகிறோம். காதர்பேட்டைக்குள் சரக்கு ஆட்டோக்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் இடையே உடலை ஒடுக்கி நடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நிப்போரி நினைவுக்கு வருகிறது.

கடைசியாக ஒரு திருத்தம். கடைத்தெருக்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையே உகந்தது என்று கட்டுரையில் கண்டிருக்கிறது. கப்பாபாஷியிலும் நிப்போரித் துணித்தெருவிலும் பல கடைகளுக்கு ஞாயிறுதான் விடுமுறை. நம் பகுதியிலிருந்து தொழில் நிமித்தம் செல்பவர்கள் வீணாக அலையாதிருக்க, வார நாட்களில் செல்லுமாறு ஒரு குறிப்பைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.