ஒரு ஸ்பூன் கலர்பொடி எத்தனை பிபிஎம்?

ஆசிரியருக்கு,

உணவுச் சாயம் பற்றிப் பேச்சு வந்தால் கலிஃபோர்னியாவைப் பார் என்கிறார்கள். 2023 அக்டோபரில் கையெழுத்தான அந்த மாநிலச் சட்டம் பொட்டாசியம் புரோமேட், புரோமின் ஏற்றிய தாவர எண்ணெய், புரோப்பைல் பாரபென், ரெட் 3 என்ற சிவப்புச் சாயம் ஆகிய நான்கு உணவுச் சேர்ப்புப் பொருள்களையும் 2027 ஜனவரி 1 முதல் தடுக்கிறது. (அந்த ரெட் 3 இங்கே எரித்ரோசின் என்ற பெயரில் அனுமதிப் பட்டியலில் இருக்கிறது.) தமிழ்நாட்டுக்கு அந்த வழி கிடையாது. எதை, எவ்வளவு சேர்க்கலாம் என்பது மத்திய விதி. மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் கையில் இருப்பது 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 30(2)(அ) பிரிவுதான். அதன்படி போடும் தடைக்கு ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு.

அந்த ஓராண்டை எதன்மேல் செலவிடுகிறோம் என்பதே கேள்வி. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. ரோடமின்-பி துணிச்சாயம், அதற்கு உணவில் அனுமதி இல்லை. சர்க்கரை நூலாக இழுபடும்போது நிறம் வெளிறிப்போகும், அதனால் சிட்டிகையில் கண்ணைப் பறிக்கும் மலிவான சாயத்தைத் தேடுகிறார்கள். உத்தரவால் விழிப்பு வந்தது, சரி. ஆனால் அன்றாடத் தவறு வேறிடத்தில் நடக்கிறது.

டார்ட்ரசின், சன்செட் எல்லோ போன்ற அனுமதியுள்ள சாயங்களுக்கு இனிப்பில் உச்சவரம்பு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), அதாவது கிலோவுக்கு 0.1 கிராம். ஒரு கிலோ ரவையில் கேசரி கிண்டினால் சர்க்கரை, தண்ணீர், நெய் எல்லாம் சேர்ந்து சுமார் 6 கிலோ வரும். அதற்கு 0.6 கிராம் சாயம்தான் கணக்கு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடியோ சுமார் 4 கிராம். பொடியில் பத்தில் ஒரு பங்கே சாயம், மீதி உப்பு என்றால் தப்பித்தோம். முழுச் சாயம் என்றால் வரம்பைப் போல் ஆறு மடங்குக்கு மேல். பெயரில்லாப் பொட்டலத்தில் எது இருக்கிறதென்று மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? பொடியை நேரே ரவையில் தூவினால் திட்டுத் திட்டாக நிற்கும், உடனே இன்னொரு சிட்டிகை விழும்.

இதற்கு வழி எளிது. முழுச் சாயம் 1 கிராமை 100 மில்லி ஆறிய வெந்நீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்து, மருந்து மூடியால் அளந்து ஊற்றலாம். தயாரான இனிப்பு கிலோவுக்கு 10 மில்லிதான் உச்சம், அதில் பாதியே கண்ணுக்குப் போதும். 10 சதவீதப் பொடி என்றால் 100 மில்லிக்கு 10 கிராம். பிரியாணிக்கும் சிக்கன் 65-க்கும் இந்தக் கணக்கே வேண்டாம். அவற்றில் செயற்கைச் சாயத்துக்கு அனுமதியே இல்லை, காஷ்மீர் மிளகாய் இருக்கிறது.

ஆணையர் அடுத்த உத்தரவைச் சாயத்தின் பெயரும் சதவீதமும் அச்சிடாத கலர்பொடிப் பொட்டலங்கள்மேல் போடட்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் தட்டிலிருக்கும் பிரியாணியோடு அடுப்படி அலமாரியில் இருக்கும் கலர் டப்பாவிலிருந்தும் மாதிரி எடுக்கட்டும்.

இப்படிக்கு,
உணவுப் பகுப்பாய்வுத் துறை அனுபவமுள்ள வாசகர்கள்,
சென்னை