சமாதானம் இல்லை என்று நான் சொன்னது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்ல வாய் வரவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் பாதி படித்துவிட்டு ஸ்தோத்திரம் என்று கைகூப்பி அனுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்றாய். அது எனக்கு அதிர்ச்சி இல்லை. உன் தாத்தா உபதேசியார். சைக்கிளிலேயே மூன்று ஊர்ச் சபைகளுக்கும் போய்வந்தவர். எனக்கு உறுத்தியது அதற்கு அடுத்து நீ சொன்னது. "இது என் முடிவு இல்லம்மா, ஆண்டவர் முடிவு. பாஸ்டருக்கும் வெளிப்படுத்தியிருக்கார்." மருமகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "ஆண்டவரே சொன்ன பிறகு அவ சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாய். அவள் அங்கேதான் இருந்தாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. நீ அப்படிச் சொன்னதும் நின்றுவிட்டது. அப்புறம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

அந்த அமைதி எனக்குப் பழக்கம். உன் அக்காவை நான் அப்படி வாயடைத்திருக்கிறேன்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் அவளுக்கு ஒரு வரன் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பையன் வாத்தியார் வேலையில் இருந்தான், பாடகர் குழுவில் பாடுகிறவன். அக்கா பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவன் போட்டோவைப் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். நான் மூன்று நாள் ஜெபம் பண்ணினேன். நாலாம் நாள் காலையில், "எனக்கு உள்ளத்துல சமாதானம் இல்லை, கர்த்தர் வேண்டாம்னு சொல்றார்" என்றேன். அவள் எதுவும் பேசவில்லை. போட்டோவை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஜெபம் பண்ணினது பொய் இல்லை. சமாதானம் இல்லாததும் பொய் இல்லை. ஆனால் அந்தச் சமாதானம் எப்போது போனது? அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று தரகர் குரலைத் தாழ்த்திச் சொன்னாரே, அந்த நிமிஷத்தில் போனது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவள் நான். அந்தத் தெருவில் சம்பந்தம் பண்ண மனசில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தூக்கி ஆண்டவர் தலையில் போட்டேன். எனக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள், அப்பாவும் அவள் பக்கம் பேசியிருப்பார். கர்த்தர் சொன்னார் என்றபோது வீட்டில் யாராலும் எதுவும் பேச முடியவில்லை. அதுதான் அந்த வார்த்தையில் உள்ள சௌகரியம்.

ஆண்டவர் பேசமாட்டார் என்று நான் சொல்லவில்லை. உன்னை அழைக்கவில்லை என்று சொல்லவும் நான் யார்? ஆனால் பவுலைப் பார். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 7ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. ஓரிடத்தில் இது கர்த்தருடைய கட்டளை என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறேன் என்கிறார். கன்னிகைகளைப் பற்றி வரும்போது, கர்த்தரிடமிருந்து எனக்குக் கட்டளை இல்லை, இது என் அபிப்பிராயம் என்று எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே கோடு போட்டுப் பிரித்து எழுதவேண்டியிருந்தது. நம் பாஸ்டர்மாருக்கு அந்தக் கோடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நாத்தான் தீர்க்கதரிசியின் கதையைச் சண்டே ஸ்கூலில் உனக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். ஆலயம் கட்ட ஆசை என்று தாவீது ராஜா சொன்னதும், உம் மனசில் உள்ளதையெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கள்ளத் தீர்க்கதரிசி இல்லை, நாத்தான்! அன்றைக்கு ராத்திரியே ஆண்டவர் வேறு சொன்னார். நாத்தான் ராஜாவிடம் திரும்பிப் போய், நேற்று சொன்னதை மாற்றிச் சொன்னார். உங்கள் பாஸ்டர் இதுவரை எதையாவது அப்படித் திரும்பிவந்து மாற்றிச் சொல்லியிருக்கிறாரா? குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் என்று ஒரு பெரிய ஊழியக்காரர் இருந்தார். 1987 ஜனவரியில், மார்ச் முடிவதற்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் ஆண்டவர் தன்னை எடுத்துக்கொள்வார் என்று டிவியில் சொன்னார். கேட்டது மருத்துவ ஊழியத்துக்குத்தான், நல்ல காரியம். பணமும் சேர்ந்தது, கடைசியில் 13 லட்சம் டாலர் கொடுத்தவர் ஃபுளோரிடாவில் நாய்ப் பந்தய மைதானம் நடத்தினவர். ராபர்ட்ஸ் 2009 வரைக்கும் நன்றாக இருந்து 91 வயதில் இறந்தார். பணம் தேவைப்படுகிறது, கொடுங்கள் என்று கேட்டிருக்கலாமே. அப்படிக் கேட்டால் ஜனங்கள் யோசிப்பார்கள். அதுதான் அவருக்குச் சங்கடம். ஹெரால்ட் கேம்பிங் என்று அங்கே இன்னொரு ரேடியோ பிரசங்கியார், 2011 மே 21 என்று இயேசுவின் இரண்டாம் வருகைக்குத் தேதியே குறித்தார். அவரை நம்பிச் சேமிப்பையெல்லாம் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வருஷம், தேதி குறித்தது பாவம் என்று அவரே எழுதி ஒத்துக்கொண்டார். அந்த மட்டுக்கும் அவரை மதிக்கிறேன்.

புத்தாண்டுக்குச் சபையில் ஆளுக்கொன்றாக எடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டையில் உனக்கு ஆதியாகமம் 12:1 வந்தது, தேசத்தையும் இனத்தையும் விட்டுப் புறப்படு என்று. தம்பி, நம் சபை அட்டைகளை ஒவ்வொரு டிசம்பரிலும் கத்தரிக்கோல் வைத்து வெட்டுகிறவள் நான். ஒரு வருஷம் "கர்த்தர் என் மேய்ப்பர்" மாத்திரம் தவறுதலாகத் தேவைக்கு மேல் நிறைய அச்சாகி வந்தது. வீணாக்குவானேன் என்று எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டேன். அந்த வருஷம் பாதிச் சபைக்கு அதே வசனம்தான்! உன்னுடையதையும் யாரோ ஒரு அம்மாதான் வெட்டியிருப்பாள்.

போன மாசம் அக்கா வந்திருந்தபோது, அந்த வரனைப் பற்றின உண்மையை அவளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்மா" என்றாள். இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

நீ ஊழியத்துக்குப் போ, போகாதே, அதை நான் சொல்லப்போவதில்லை. மருமகளிடம் மட்டும் "ஆண்டவர் சொன்னார்" என்று ஆரம்பிக்காதே. "எனக்கு ஆசையாக இருக்கிறது, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேள். வீட்டு லோன் என்ன ஆகும், சின்னவள் ஸ்கூல் பீஸ் எப்படிக் கட்டுவது என்று அவள் கேட்பாள். கேட்கட்டும், பதில் சொல்லு. சனிக்கிழமை சாயங்காலம் நான் போன் பண்ணுகிறேன். ஸ்பீக்கரில் போடாமல் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வா.

அன்புடன்,
அம்மா