வீட்டு மிக் வெல்டிங்: மெஷினைக் குறை சொல்லுமுன்

ஆசிரியருக்கு,

230 வோல்ட்டில் ஓடும், கம்பியைத் தானே தள்ளி உருக்கி இரும்பை ஒட்டும் சிறிய மிக் வெல்டிங் மெஷின்களைப் பலர் வீட்டுக்கே வாங்குகிறார்கள். பிறகு, வெல்டு பிடிக்கவில்லை, பொறி தெறிக்கிறது என்கிறார்கள். முதலில் இணைப்பைப் பாருங்கள். கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கம்பிக்கு டார்ச் (கம்பி வெளிவரும் கைப்பிடி) மைனஸில், எர்த் கிளாம்ப் (இரும்பில் மாட்டும் கவ்வி) பிளஸில் இருக்க வேண்டும். கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு நேர்மாறு. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயின்ட், துரு இருக்கக் கூடாது.

ஃபிளக்ஸ் கம்பி உள்ளே பொடி அடைத்த மெல்லிய குழாய்தான். கம்பியைத் தள்ளும் ரோலரை அளவுக்கு மீறி இறுக்கினால் நசுங்கி, டார்ச் முனையிலுள்ள டிப்பில் சிக்கும். ரோலருக்கு அருகே சுருண்டு சிக்கலாகிவிடும். கம்பி வழுக்காத அளவுக்கு இறுக்கினால் போதும்.

வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர். ஃபேன் காற்று பட்டால் கேஸ் கலைந்து வெல்டில் துளை விழும். அதற்காகக் கதவை அடைத்துவிடாதீர்கள். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை, சிறிய அறையில் தேங்கி மூச்சை அடைக்கும்.

ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால், அந்தப் புகையால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரலாம். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை மட்டுமே.

16 ஆம்பியர் பிளக், குறைந்தது 2.5 சதுர மி.மீ. ஒயர், அதுவும் சுருளை முழுதாகப் பிரித்து. கண்ணுக்கு 10 அல்லது 11ஆம் எண் வெல்டிங் கறுப்புக் கண்ணாடி. கூலிங் கிளாஸ் உதவாது. பாலியஸ்டர் சட்டை வேண்டாம். பழைய பெட்ரோல் டேங்கைக் கழுவினாலும் வீட்டில் பற்றவைக்காதீர்கள்; மிஞ்சிய ஆவியே வெடிக்கும்.

- வெல்டிங் பயிற்றுநர், கோவை