உச்சி வெயிலில் ஊர் காட்டுகிறவர்களுக்கு

சென்னை, மதுரை, திருச்சியிலிருந்தும் கனடா, லண்டனிலிருந்தும் தமிழ்ச் சனத்தைக் குழுவாகக் கொழும்புக்கு அழைத்து வரும் பயண முகவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் பயண நிரலில் கொழும்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரி: 'கொழும்பு நகர்வலம், அரைநாள்'. அதன் கீழே இடங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எத்தனை மணிக்கு எங்கே என்பது மட்டும் இருக்காது. கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் இருக்கிற ஒருவனாக உங்களிடம் கேட்பது இதுதான்: நாலு இடத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, நேரத்தைப் போடுங்கள். இந்த ஊரில் நேரம் தப்பினால், போய்ச் சேர்ந்தும் பார்க்க ஒன்றும் இருக்காது.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னம்பல முதலியார் 1856இல் எழுப்பியது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னாளில் அதைக் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். தமிழ்நாட்டுக்காரர் உள்ளே கால் வைத்தால் கடல் தாண்டி வந்ததையே மறந்துபோவார். ஆனால் மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தினால் பின்னேரம்தான் திறக்கும். உங்கள் பஸ் வந்து நிற்பதோ பன்னிரண்டரைக்கு. வயதான அம்மாமார் கோபுரத்தை அண்ணாந்து கும்பிட்டுவிட்டு மறுபடி பஸ்ஸில் ஏறுகிறார்கள். இதற்கா இவ்வளவு செலவழித்து வந்தார்கள்?

இத்தனைக்கும் வழி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வரும் கட்டுநாயக்க அதிவேக வீதி உங்களைக் கொண்டுவந்து விடுவது பேலியகொடையில், அதாவது நகரத்தின் வடக்கு வாசலில். கொச்சிக்கடையும் செட்டியார் தெருவும் புறக்கோட்டையும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. காலை விமானத்தில் வருகிற குழுவை நேரே அங்கே கொண்டுபோங்கள். செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன. ஆடிவேல் திருவிழா ஊர்வலம் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவது அங்கிருந்துதான். இடியப்பமும் சொதியும் சம்பலும் சூடாகக் கிடைப்பதும் அந்தக் காலை வேளையில்தான். பிறகு கால்நடையாக இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனால், சிவப்பும் வெள்ளையுமாக வரிக்கோடு போட்ட பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் கட்டத் தொடங்கியது; சம்மாங்கோட்டார் பள்ளி என்று கேட்டால் வழி சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் போய் நிற்காதீர்கள். பெரிய பஸ்ஸை அந்தத் தெருக்களுக்குள் விடவும் நினைக்காதீர்கள். வண்டில் தள்ளும் நாட்டாமைமாருக்கே, அதாவது சுமைகூலிகளுக்கே, அங்கே வழி கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

பத்தரை, பதினொன்றுக்கு மேல் வெயில் ஆளை வாட்டத் தொடங்கும். வெப்பமானியில் முப்பது, முப்பத்தொன்றுதான் காட்டும். கடற்காற்றின் ஈரம் சேர்ந்து சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சென்னைக்காரர் 'இதென்ன பெரிய வெயில்' என்பார்கள், பின்னேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த நேரத்தில்தான் நீங்கள் கங்காராமை என்னும் பௌத்த விகாரைக்குப் போகிறீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மத்தியானத் தரையில் நடந்து பாருங்கள், தெரியும். அங்கே காலை எட்டு, ஒன்பதுக்குப் போகலாம், அல்லது பின்னேரம் போகலாம். வேறு வழியில்லை என்றால் ஆளுக்கொரு சோடி காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணை 2014இல் கட்டுநாயக்காவில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே அது விளையாட்டு விஷயம் இல்லை.

வெயில் நேரத்தைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், சுற்றிலும் பெரிய மரங்கள். பல நிரல்களில் அதன் பெயரே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். சீனக் கடற்தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு வெட்டுவித்த காலி நகரத்துக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சீனத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் எழுதிய கல். தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளின் விபரம் வருகிறது. தமிழ்க் குழு ஒன்றைக் கொழும்புவரை கூட்டிவந்து இதைக் காட்டாமல் துணிக்கடைக்குக் கூட்டிப்போகிறவர்களை என்ன சொல்ல!

ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை விட்டுவிட்டு வரும், கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களில் கல்கிசைக் கடற்கரையில் யாரையும் குளிக்க இறக்காதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச்வரை வருகிறவர்கள் பாக்கியசாலிகள். மழைக்குப் பின்னால் டெங்கு நுளம்பு இருக்கிறது. அது கடிப்பது பகலில். நுளம்புக்குப் பூசும் மருந்தை இரவுக்கு என்று பெட்டியில் வைத்திருந்து பயனில்லை.

சாப்பாட்டுக்கும் நேரம் உண்டு. சோறும் கறியும் மத்தியானம். இரண்டு மணிக்கு மேல் போனால் நல்ல கறி முடிந்திருக்கும். கொத்துரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்குவது பொழுதுபட்ட பிறகு. மத்தியானம் கொத்து வேண்டும் என்று அடம்பிடித்தால் பழைய ரொட்டிதான் வரும். தாகத்துக்குச் சோடா வேண்டாம், வீதியோரம் தெம்பிலி இளநீர் வெட்டுகிறார்கள்.

காலிமுகத்திடலில் நிழல் கிடையாது. பகலில் அங்கே இறக்கினால் கடலைப் பார்க்கக் கண்ணைத் திறக்க முடியாது. பின்னேரம் ஐந்துக்குப் போங்கள். இங்கே வருஷம் முழுக்கச் சூரியன் மறைவது ஆறு மணியை ஒட்டித்தான். பட்டம் விடுகிற பிள்ளைகள், இறால் வடை வண்டில்கள், காகங்கள், எல்லாம் சேர்ந்தால்தான் அது காலிமுகத்திடல். அங்கே ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "இன்றைக்குக் கோயிலில் யானைப் பெரஹெர, இப்பவே போகவேண்டும்" என்று கதை கொடுப்பார். கங்காராமையின் நவம் பெரஹெர ஊர்வலம் பெப்ரவரியில் வருவது. அவருக்கோ தினமும் பெரஹெர. ஏறினால் ஓட்டோ மாணிக்கக்கல் கடை வாசலில் போய் நிற்கும். ஓட்டோ தேவைப்படுகிறவர்கள் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் பிடிக்கட்டும், இல்லையென்றால் மீற்றர் போடச் சொல்லட்டும்.

ரயில் பயணம் ஒன்றையும் சேருங்கள். கோட்டையிலிருந்து கல்கிசைக்குப் போகும் ரயிலில் வலப்பக்கம் உட்கார்ந்தால் கொள்ளுப்பிட்டியிலிருந்து கடல் கூடவே வரும், ரிக்கற் காசும் கொஞ்சம்தான். ஆனால் காலை ஏழிலிருந்து ஒன்பது வரையும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும் அது கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, போய்வரும் சனத்தின் ரயில். வாசலில் தொங்கிக்கொண்டு போவார்கள். பத்து மணிக்குப் பிறகு ஏறுங்கள். மத்தியானம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடங்கள் விட்டால் பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதி அடைபட்டுக் கிடக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியையும் ஒருமுறை புரட்டுங்கள். போயா என்னும் பௌர்ணமி நாளில் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு. குழுவிலுள்ள சில அண்ணன்மாரின் முகம் வாடும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெசாக் போயா மட்டும் வேறு. இரவு முழுக்க வெளிச்சக்கூடுகள், தெருவோரம் தன்சல் என்னும் இலவசச் சாப்பாடு. நெரிசலைத் தாங்கக்கூடியவர்களை அழைத்து வரலாம். ஏப்ரல் 13, 14 வருஷப்பிறப்புக்கு ஊரே ஊருக்குப் போய்விடும். அந்த நாட்களில் கொழும்பைக் காட்டுவதும் காட்டாததும் ஒன்றுதான்.

அவசர எண்களை நிரலின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்: பொலிஸ் 119, சுற்றுலாப் பயணிகளுக்கு 1912, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. அம்புலன்ஸுக்குக் காசு வாங்கமாட்டார்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு யூபிஐ 2024 பெப்ரவரியிலிருந்து இங்கே வேலை செய்கிறது, எல்லாக் கடையிலும் இல்லை. கையில் கொஞ்சம் இலங்கை ரூபாய் வேண்டும்.

கடைசியாக, திரும்பும் நாள். இரவு விமானம் என்றால் வெள்ளவத்தையிலிருந்து பின்னேரம் ஐந்தரைக்கு வெளிக்கிடுகிறீர்கள். அதிவேக வீதியில் அரை மணித்தியாலம்தான், ஆனால் பேலியகொடைக்குப் போய்ச் சேர அதைவிடக் கூட நேரம் பிடிக்கும். மூன்றரைக்கு முன் வெளிக்கிடுங்கள், அல்லது கடைசி இரவைக் கட்டுநாயக்கா பக்கம், நீர்கொழும்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி ஒருவன்