நூதனசாலை என்றைக்குத் திறந்திருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரக் கல்விப் பக்கத்தில், பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துப்போக ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று ஒரு வரி. மற்றபடி நல்ல கட்டுரைதான். அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாகத் தொண்டையில் நிற்கிறது.

தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் 26 வருடம் சித்திரம் படிப்பித்தவள் நான். சித்திரப் பாடவேளை என்பது கணித ஆசிரியர் கடன் வாங்கித் திருப்பித் தராத பாடவேளை. உங்களுக்குத் தெரியாததா! ஒருமுறை சம்பள நாள் பார்த்து பஸ்ஸுக்குக் காசு சேர்த்து, விடிய மூன்று மணிக்குப் புறப்பட்டு ஒரு நூதனசாலைக்குப் போனோம். பெயர் வேண்டாம். கேட்டில் பூட்டு. "இன்றைக்கு லீவு" என்றார் காவலாளி. அடுத்த வருடம் திறந்திருந்தது. ஆனால் தரையில் உட்காரக்கூடாதாம், ஓரிடத்தில் நிற்கவும் கூடாதாம். 20 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். கொப்பியில் பிள்ளைகள் படம் எதுவும் வரையவில்லை, விளக்கப் பலகையைத்தான் எழுதி வந்தார்கள். அதுவும் தமிழில் இருந்த நாலைந்தை.

ஆர்வமில்லையாம்!

கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையை 2001இல் நூதனசாலையாக்கினார்கள். அங்கே போனபோது ஒரு பிள்ளை கொழுந்து உருட்டும் ரோலர் முன்னால் அரை மணி நேரம் நின்று, மேசைமேல் வளைந்து கிடக்கும் பித்தளைக் கட்டைகளைப் பூவிதழ் மாதிரி வரைந்தாள். அவளுடைய அப்பாவுக்கு எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில்தான் வேலை. படத்தைப் பார்த்துவிட்டு, "தினம் துடைக்கிறேன் டீச்சர், இப்படி இருக்கும்னு பார்த்ததே இல்லை" என்றார். எந்த வகுப்பறையில் நான் அதைப் படிப்பித்திருப்பேன்?

அப்புறம் காரைக்கால் அம்மையார். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிலை, கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு. இது அழகா, அசிங்கமா என்று நேரில் நிறுத்திக் கேட்டால் பிள்ளைகள் ஒரு தவணை முழுக்கச் சண்டை போடுவார்கள். நாங்களோ மங்கிப்போன போட்டோப் பிரதியைக் காட்டிப் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தோம். கொழும்புக்கு பஸ் பிடிக்க யாரிடம் காசு?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எந்த நூதனசாலை எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று கல்விப் பக்கத்து மூலையில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
ஹட்டன்.