அளவு அனுப்பு, மகளே

கோத்தகிரி,
தை மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உங்களுக்கு அலாட்மென்ட் நிலம், அதாவது காய்கறி போட வாடகைக்குத் தரும் சிறு துண்டு நிலம், ஒதுக்கிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னதிலிருந்து உன் அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை. அந்த நிலத்தில் எதை எப்போது போடலாம் என்று நீ கேட்டிருந்தாய். குட்டிக்கு நான் பின்னும் ஸ்வெட்டர் எந்த மட்டில் இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் முழுப் பதில் சொல்ல முடியாமல் நான் தவிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். "எல்லாரும் நலம், குட்டி நன்றாக வளர்கிறாள், நிலமும் நல்ல நிலமாகத்தான் தெரிகிறது" என்று நீ சொல்லும்போது மனம் குளிர்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு கண்ணி போட முடியாது, ஒரு பாத்தி கட்ட முடியாது. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உங்களோடு சேர்ந்து வாழ எனக்கு இருக்கும் ஒரே வழி, உங்கள் வீட்டின் சின்னச் சின்ன அளவுகளைத் தெரிந்துவைத்திருப்பதுதான். நான் எப்படி எழுதுகிறேனோ அப்படியே நீயும் எனக்கு எழுத வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கே இந்த வாரம் உறைபனி விழுகிறது. கேரட் பாத்திக்குக் கீழே ஓடையை ஒட்டிய பள்ளத்தில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவிலிருந்து இறங்கிவந்து பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் மேட்டில் வீட்டுச் சுவரோரம் நிற்கும் ஜெரேனியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பள்ளத்தில் நின்ற பீன்ஸ் கொடி மட்டும் கருகிப்போனது. நாற்றுகளின்மேல் அப்பா மாலையில் காய்ந்த புல்லைப் பரப்பி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுகிறார். போதாக்குறைக்கு ஒரு காட்டுமாடு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து முட்டைக்கோஸில் ஒரு வரிசையை மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. வேலியைச் சரிசெய்தாகிவிட்டது, கவலைப்படாதே. உன் நிலத்தில் எந்த மூலை தாழ்வாக இருக்கிறது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நின்று பார்த்து எனக்கு எழுது. அங்கே மே மாதத்தில்கூட உறைபனி விழக்கூடும் என்பதால், பீன்ஸ் போன்ற குளிர் தாங்காதவற்றை அந்தத் தாழ்ந்த மூலையில் வைக்கவே கூடாது.

உருளைக்கிழங்கு போட வேண்டும் என்று உனக்கு ஆசை என்பது எனக்குத் தெரியும். இங்கிருந்து விதைக்கிழங்கு அனுப்ப முடியுமா என்று மாப்பிள்ளை கேட்டார். முடியாது, அனுப்பவும் கூடாது. நீலகிரி மண்ணில் உருளை வேரைத் தின்னும் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று தொடங்கிய தொல்லை இன்றும் தீரவில்லை. இந்த மாவட்டத்து விதைக்கிழங்கை நாட்டின் மற்ற பகுதிகளுக்கே கொண்டுபோக அனுமதி இல்லை என்னும்போது கடல் கடந்து அனுப்புவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பெண் புழு தன் உடலையே கூடாக்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான முட்டைகளோடு வேரில் ஒட்டியிருந்து, செத்தபின் மண்ணில் உதிர்ந்துவிடும். உருளை வேரின் வாசனை பட்டால்தான் அந்த முட்டைகளில் பெரும்பாலானவை பொரியும். அதுவரை ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும். கடுகு மணி அளவுகூட இராத அந்தக் கூட்டை வேரில் தேடிப் பார்க்கத் தாத்தா உனக்குக் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கும். ஸ்காட்லாந்தின் உருளை வயல்களுக்கும் இதே புழுதான் பெரிய பகை. அதனால் கடையில் சமையலுக்கு வாங்கிய கிழங்கு முளைவிட்டிருக்கிறதே என்று அதை நட்டுவிடாதே. சான்று பெற்ற விதைக்கிழங்கையே வாங்கு. அந்த விஷயத்தில் உலகத்துக்கே விதை கொடுக்கிற ஊரில் நீ இருக்கிறாய். பிப்ரவரி கடைசியில் முட்டை அட்டையில் கண் மேலே பார்க்கும்படி வைத்து, வெளிச்சம் படும் ஜன்னலோரத்தில் குட்டையான பச்சை முளை வரும்வரை விட்டு, ஏப்ரலில் நடு. இந்த ஆண்டு உருளை போட்ட பாத்தியில் அடுத்த சில ஆண்டுகளுக்கு உருளை வேண்டாம். நாங்கள் இங்கே இந்தப் புழுவைத் தாங்கக்கூடிய குஃப்ரி ஸ்வர்ணா ரகம் போடுகிறோம்; அப்படியிருந்தும் கேரட், பூண்டு, முட்டைக்கோஸ் என்று மாற்றி மாற்றித்தான் நடுகிறோம்.

மண் எப்படி என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பக்கத்துத் துண்டுகளில் ஹைட்ரேஞ்சியா பூத்தால் அதன் நிறத்தைக் கவனி. வெள்ளை ரகங்களை விட்டுவிடலாம்; மற்றவை புளித்த மண்ணில், அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணில், நீலமாகவும் சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். நம் வீட்டுப் படிக்கட்டோரத்துப் பூக்கள் அத்தனை நீலமாக இருப்பதற்கு இந்த மலையின் புளித்த மண்தான் காரணம், அதற்காகத்தான் பாத்திகளுக்கு அப்பா டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போடுகிறார். கோடையில் அங்கே பகல் 18 மணி நேரத்தை நெருங்கும் என்பதையும் மறந்துவிடாதே. அவ்வளவு நீண்ட பகலில் பாலக்கீரையும் கொத்தமல்லியும் இலை விடாமல் பூத்தண்டு விட்டுவிடும். ஆகவே ஏப்ரலில் ஒரு முறையும் ஆகஸ்டில் ஒரு முறையும் விதைத்துக்கொள்.

இனி ஸ்வெட்டர். நூல் லூதியானாவிலிருந்து வந்த மெரினோ கம்பளி, எட்டு இழை, பாலேட்டு நிறம். சிட்டமாக வந்ததால் அதை அப்பாவின் இரண்டு கைகளிலும் மாட்டி உருண்டையாக்கினேன். அவர் செய்தி கேட்டுக்கொண்டே கைகளை இடமும் வலமும் சாய்த்துக்கொடுக்கும் அழகை நீ பார்க்க வேண்டும். ஓர் இழைகூடச் சிக்கவில்லை. கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிறேன். கழுத்துக்குக் கண்ணி ஏற்றியபின் முன்புறம், முதுகு, இரண்டு கைகள் என்று நான்காகப் பிரித்து, அவை சேரும் நான்கு கோடுகளின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுகிற வரிசை ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கண்ணிகள் ஏறும். அக்குள் வந்ததும் கைக்கான கண்ணிகளை வேறு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு உடம்பை மட்டும் தொடர்ந்து பின்னலாம். அந்த அக்குளில் வந்துதான் நிற்கிறேன், உன் அளவு இல்லாமல் அதற்குமேல் ஒரு வரிசைகூட நகர முடியாது. எட்டாம் நம்பர் ஊசியில், அதாவது 4 மில்லிமீட்டர் ஊசியில், 10 செ.மீ. அகலத்துக்கு என் கையில் 22 கண்ணிகள் விழுகின்றன. குட்டியின் மார்புச் சுற்றளவு 50 செ.மீ. என்றால் தளர்வுக்கு 5 செ.மீ. சேர்த்து 121 கண்ணிகள் வேண்டும். நீ குத்துமதிப்பாகச் சொல்லி 3 செ.மீ. தவறினால் ஏழு கண்ணிகள் தவறிப்போகும், குழந்தையால் கையைத் தூக்க முடியாது.

உள்சட்டையோடு நிற்கவைத்து, அக்குளுக்குக் கீழே டேப்பைச் சுற்றி, ஒரு விரல் நுழையும் தளர்வோடு அள. பின்கழுத்து எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை ஓர் அளவு, அக்குளிலிருந்து இடுப்பு வரை ஓர் அளவு, தலைச் சுற்றளவு ஒன்று. தலை நுழையாத கழுத்து எதற்கும் ஆகாது. கழுத்தில் நாடா வைக்கவில்லை, சிறு குழந்தைக்கு அது ஆபத்து. அடுத்த ஆண்டு அவள் வளர்ந்ததும் கீழ் விளிம்பைப் பிரித்து நீட்டிவிடலாம் என்பதற்காகவே இந்த முறையில் பின்னுகிறேன். அதற்காக ஒரே சாய எண் கொண்ட உருண்டை ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். வேறு எண்ணாக இருந்தால் அதே நிறம் என்று எழுதியிருந்தாலும் வெயிலில் வேற்றுமை பளிச்சென்று தெரியும். இதை மெஷினில் போடாதே. கம்பளி இழையின்மேல் மீன் செதிள் போல் அடுக்கு இருக்கிறது. சூட்டிலும் அலசலிலும் அந்தச் செதிள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டிப்பட்டால் பிறகு மீட்கவே முடியாது. வெதுவெதுப்பான நீரில் அமுக்கி எடுத்து, பிழியாமல், துண்டின்மேல் விரித்து உலர்த்து. கோடையில் எடுத்துவைக்கும்போது நன்றாகத் துவைத்து உலர்த்திய பிறகே பையில் போட்டுக் கட்டு. வியர்வையும் பால் கறையும் பட்ட கம்பளியைத்தான் பூச்சி தேடி வரும்.

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் பூவேலையை அந்த ஸ்வெட்டரின் ஓரத்தில் பின்னித் தர முடியுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பது என் எண்ணம். வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே அவர்கள் போடும் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அது அவர்கள் கையில் இருப்பதே முறை. அவர்களிடமிருந்தே உனக்கு ஒரு சால்வை வாங்கியிருக்கிறேன், ஸ்வெட்டரோடு சேர்த்து அனுப்புகிறேன்.

நாங்கள் எப்போது வருவோம் என்று குட்டி கேட்பதாகச் சொன்னாய். கார்போகத்துக்கு ஏப்ரலில் நட்டால் கிழங்கு எடுக்க ஆகஸ்ட் ஆகிவிடும். எடுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பியதும் புறப்படலாம் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். வந்தால் உங்கள் ஊரிலிருந்து இரவுக் கப்பலில் ஷெட்லாந்துத் தீவுகளில் இருக்கும் லெர்விக் போய், அங்குள்ள பெண்களின் பின்னலை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு வரிசைக்கு இரண்டு நிறத்துக்கு மேல் எடுக்காமல் அவ்வளவு கோலங்களையும் அவர்கள் கொண்டுவந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளையை இப்போதே விசாரித்து வைக்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடு. இங்கே பிற்பகல் இரண்டரை ஆகியிருக்கும், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குட்டியின் நான்கு அளவுகளையும் நிலத்தின் நீள அகலத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசு.

அன்புடன்,
அம்மா