தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

தங்கச்சிமடம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. விவாகரத்து மனு போட்ட பிறகும் உன் அண்ணன் மகளின் கணவன் அவள் விடுதி வாசலில் வந்து நிற்பதையும், "சட்டப்படி இன்னும் புருஷன்தானே, தீர்ப்பு வரும்வரை பொறுத்துக்கொள்ளட்டும்" என்று உன் அண்ணன் சொல்வதையும் எழுதியிருந்தாய். இதையேதான் என் தங்கை கணவரும் சொன்னார். அதை நம்பி நாங்கள் ஐந்து மாதங்களைத் தொலைத்தோம்.

என் தங்கை மகள் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள் என்பது உனக்குத் தெரியும். போன ஆண்டு பிப்ரவரியிலிருந்து அவளுடைய கணவன் எதிர்ப்புற டீக்கடையில் உட்காரத் தொடங்கினான். படகுகள் ஓடும் நாட்களில் அந்தக் கூட்டத்தில் அவனை யாரும் கவனிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுத்துறை வெறிச்சோடியபோதுதான், வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள், "இந்த ஆள் தினமும் இங்கே என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள். பிறகு அவர்களே எங்களுக்குச் சாட்சிகளானார்கள்.

எங்களை அதிகம் அச்சுறுத்தியது வேறொன்று. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அவள் தேவிபட்டினம் போனாள். நவபாஷாணக் கோயில் நடைபாதையில் அவன் நின்றுகொண்டிருந்தான். செல்போன் பழுதுபார்க்கும் பையன் ஒருவன் பார்த்துச் சொன்ன பிறகுதான், திருமணமான புதிதில் அவன் அமைத்துக் கொடுத்த கூகுள் கணக்கு அவனுடைய போனிலும் திறந்தே இருந்ததும், அவள் இருக்குமிடம் அதில் தெரிந்துகொண்டிருந்ததும் எங்களுக்குப் புரிந்தது. உடனே அழித்துவிடலாம் என்று நான் பதறினேன். நல்லவேளையாக அந்தப் பையன், முதலில் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு கடவுச்சொல்லை மாற்றச் சொன்னான். உன் அண்ணன் மகளின் போனையும் இன்றே பார்க்கச் சொல். அவன் அனுப்பும் குரல் செய்திகள் எதையும் அவள் அழிக்கக் கூடாது. அவற்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

நாங்கள் முதலில் போன காவல் நிலையத்தில், "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டுதான் எழுந்தோம். பின்தொடர்தல் குற்றத்தைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 78ஆம் பிரிவு கணவனுக்கு எந்த விலக்கும் அளிக்கவில்லை என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே வாதாடியிருப்பேன். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதும், அவளுடைய இணைய, மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். முதல் முறை மூன்று ஆண்டுகள் வரையும், மறுமுறை ஐந்து ஆண்டுகள் வரையும் சிறை உண்டு.

ஆனால் எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். விவாகரத்து வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். இதற்கு நீதித்துறை நடுவரிடம் தனியாகவே மனு செய்யலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகவே எங்களுக்கு வக்கீல் கிடைத்தார். எதிர்த்தரப்பு வந்து பேசும்வரை காத்திராமல், பிரமாண வாக்குமூலத்தின் பேரிலேயே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு போட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. அவளுடைய 40 பக்க நோட்டைத்தான் வக்கீல் முதலில் கேட்டு வாங்கினார். தேதி, நேரம், இடம், அவன் செய்தது, பார்த்தவர் யார் என்பதைத் தவிர அதில் ஒரு சொல் கிடையாது. அழுகையும் சாபமும் இல்லாமல் எழுதச் சொன்னது நான்தான், ஆசிரியர் வேலை பார்த்த புத்தி போகுமா!

அவள் வேலை செய்யும் இடத்துக்குள் அவன் நுழையக் கூடாது, நேரிலோ போனிலோ எழுத்திலோ தொடர்புகொள்ளக் கூடாது, அவளுக்கு உதவுகிறவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. கடைசி வரியில் நானும் அடக்கம் என்பதை நினைத்து அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். இடைக்கால உத்தரவை மீறினாலும் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். இதைத் தெரிந்துகொண்டும் ஒருநாள் பாம்பன் பாலம் வரை எங்கள் பேருந்தின் பின்னாலேயே பைக்கில் வந்தான். உத்தரவின் நகல் அவள் கைப்பையிலேயே இருந்ததால், இம்முறை காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு அவன் டீக்கடைப் பக்கம் வரவில்லை. விவாகரத்து வழக்கு இன்னும் வாய்தாவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே மனு போட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று உன் அண்ணன் தயங்கினால், அவளை இங்கே அனுப்பிவை. பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு செய்ய அதே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்துக்குத் துணையாக நானே வருகிறேன் என்று என் தங்கை மகளும் சொல்கிறாள். புறப்படுவதற்கு முன் அவளுடைய போனின் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். வருகிற பேருந்தையும் நாளையும் வேறு யாருடைய போனிலிருந்தாவது சொன்னால் போதும், நான் நிறுத்தத்தில் நிற்பேன்.

உன் தோழி